வண்டலூர் ஹெரால்டின் பின்தண்டு: ஒரு பழுதுபார்ப்பு வரலாறு

1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அறிமுகமானது. அதன் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலொட்டி. உடலுக்குக் கீழே இருந்ததோ புதிதன்று. 1959இல் வெளிவந்த ஹெரால்டு என்னும் குடும்பக் காரின் சட்டகத்தைக் குறுக்கி, அதன் பின்சக்கர அமைப்பை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் உருவாகத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் புகழ்பெற்ற ஒன்றின் பின்தண்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய ஒரு நடுத்தர வர்க்கக் காரின் பின்தண்டும் இவ்வாறு ஒரே வார்ப்பைச் சேர்ந்தவை. அத்தண்டை யார், எங்கே, எவ்வளவு சிரமப்பட்டுக் கழற்றினார்கள் என்ற கேள்வி அற்பமாகத் தோன்றலாம். இந்தியாவில் அக்காரின் வடிவத்தையே மாற்றியதில் அந்தக் கேள்விக்குப் பங்குண்டு.

அம்பாசடரிலும் பியட்டிலும் பின் ஆக்சில் ஒரே விறைப்பான குழல். இரு சக்கரங்களையும் அதுவே தாங்கும். நடுவிலுள்ள டிஃபரன்ஷியலும் குழலோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சட்டகத்தோடு பிணைக்கப்பட்டு அசையாமல் இருக்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு அரைத்தண்டு. தண்டின் உட்பக்க முனையில் ஒரு யூனிவர்சல் ஜாயின்ட், மெக்கானிக்குகளின் மொழியில் ‘கிராஸ்’. சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டே கதவைப் போல அந்தக் கிராஸைச் சுற்றி ஊசலாடும். குறுக்கே கிடக்கும் ஒற்றை வில்பட்டை இரு சக்கரங்களையும் தாங்கும். சக்கரத்துக்கு வேகம் தருவதும், சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்துவதும் ஆகிய இரண்டு வேலைகளும் அந்த ஒரே தண்டின் மீது விழுந்தன.

கழற்றும்போதுதான் இதன் விளைவு தெரியும். காரை ஜாக்கியால் தூக்கித் தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். சக்கரத்தை எடுத்து, பிரேக் குழாயையும் கைபிரேக் கம்பியையும் விடுவிக்க வேண்டும். டிஃபரன்ஷியல் பக்கத்து விளிம்பில் நான்கே போல்ட்டுகள். துருப் பிடிக்காமல் இருந்தால் அவை எளிதில் வந்துவிடும். ஆனால் வில்பட்டை இன்னும் விறைப்பில் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டின் கீழே இன்னொரு ஜாக்கி வைத்துப் பாரத்தை ஏற்று, ஷாக் அப்சார்பரைக் கழற்றி, மெல்ல இறக்கிய பிறகே வில்பட்டையின் போல்ட்டைத் தொடலாம். இவ்வரிசையை மாற்றுபவர் கையை இழக்கக்கூடும். இதற்குப் பின் தண்டு ஹப்போடு சேர்ந்து வெளியே வரும். உண்மையான சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஹப், கூம்பு வடிவ முனையில் ஒரு சாவியோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் ஓடிய காரில் அதைப் பிரிக்கச் சாதாரணப் புல்லர் போதாது. அதற்கெனச் செய்த கனமான கருவியோ, பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸ்ஸோ வேண்டும். உள்ளே இருக்கும் ஊசி பேரிங் நேராகத் தண்டின் மீதே உருளுவதால், கிரீஸ் இல்லாமல் ஓடியிருந்தால் பேரிங்கோடு தண்டும் தேய்ந்திருக்கும்; பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இங்கிலாந்தில் இது சனிக்கிழமை வேலை. வீட்டுக்கு முன் ஒரு கார் நிற்கும் இடம், அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய ஜாக்கி, ஒரு கையேடு. ஜான் ஹேன்ஸின் புகழ்பெற்ற கையேட்டு வரிசையின் முதல் நூல் 1966இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்காக வெளிவந்தது. காரை முழுதாகப் பிரித்துப் படமெடுத்து எழுதுவது அவர் முறை. உரிமையாளரே கழற்றுவார் என்பது அந்நூல்களின் அடிப்படை அனுமானம்.

பம்பாயில் அந்த அனுமானம் செல்லாது. தாணேயிலோ செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ‘வீட்டில்’ கார் பிரிப்பது என்றால் பெரும்பாலும் அடுக்ககத்தின் தூண்களுக்கிடையே, இன்னொருவர் வண்டி நகரும் வழியில் பிரிப்பது என்று பொருள். காரைக் கழற்றுபவர் உரிமையாளர் அல்லர், மெக்கானிக். அவருக்குக் கையேடு கிடையாது, கை நினைவுதான். அந்த நினைவு எந்தக் காரில் உருவானது என்பது முக்கியம். 1944இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் நிறுவனம் குர்லாவில் பியட் 1100ஐ உருவாக்கியது. பின்னாளில் பத்மினி ஆன அந்தக் காரே பம்பாய் டாக்சி. குர்லா சி.எஸ்.டி. சாலைக் கடைகளில் அதன் பழைய உதிரிகள் கிடைத்தன. 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சி, 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் விலகும்வரை அந்த அறிவு நகரில் புழங்கியது. விறைப்பான ஆக்சில் மட்டுமே தெரிந்த கைகளுக்கு ஹெரால்டு அந்நியமானது. இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், தேய்ந்த தண்டு ஒன்று காரையே முடக்கிவிடக்கூடியது.

ஊசல் ஆக்சிலின் குறை பழுதுபார்ப்பில் மட்டும் இல்லை. வேகமாகத் திரும்பும்போது சக்கரம் உட்பக்கமாக மடங்கிக் காரின் பின்புறத்தைத் தூக்கிவிடும். அமெரிக்காவில் செவர்லே கார்வேரின் இதே குறையை ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூலின் முதல் அத்தியாயத்தில் அம்பலப்படுத்தினார். டிரையம்ப் நிறுவனத்தார் 1970இன் இறுதியில் ஸ்பிட்ஃபயரின் வில்பட்டையை நடுவில் சுழலுமாறு மாற்றிக் குறையைக் குறைத்தார்கள். ஊசல் ஆக்சிலைக் கைவிடவில்லை. வண்டலூர் வேறு வழி தேர்ந்தது. 1972இல் வந்த கெசல் காரில் அதே 948 சிசி எஞ்சின் இருந்தது. பின்புறத்தில் மட்டும் ஊசல் தண்டுகள் போய், விறைப்பான ஆக்சில் வந்தது. வாங்குவோரும் மெக்கானிக்குகளும் பழைய அமைப்பை விரும்பாததே காரணம் என்று கார் வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

அந்த ஒரு வரியில் நிற்க வேண்டும். ஹெரால்டை வரைந்த மிக்கெலொட்டியும் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரும் பெயரோடு நினைக்கப்படுகிறார்கள். அதன் பின்புறத்தைத் திருத்தச் செய்தவர்கள் ‘மெக்கானிக்குகள்’ என்ற பன்மையாக மட்டும் எஞ்சுகிறார்கள். புதுமையை அல்ல, புழக்கத்தை மையமாக்கித் தொழில்நுட்ப வரலாறு எழுதவேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் வாதிட்டார்; தையல் இயந்திரத்தையும் மிதிவண்டியையும் வைத்து இந்தியாவுக்கு அப்படியொரு வரலாற்றை டேவிட் ஆர்னால்டு எழுதினார். கெசல் அந்த வரிசையில் சேர வேண்டிய சான்று. அதை உயர்தரத்திலிருந்து பின்வாங்கியதாக மட்டும் படிப்பது சோம்பேறித்தனம். சாலையோரத்தில் திறக்க முடியாத பொருள் முழுமையான பொருளன்று என்ற தீர்ப்பும் பொறியியல் தீர்ப்பே.

தமிழுக்கு இது புதிய சிந்தனையும் அன்று. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர் வண்டியின் கீழ் கட்டிச் செல்லும் சேம அச்சை உவமையாக்குகிறார்; அச்சு முறியும், வழியிலேயே மாற்ற வேண்டும் என்பது அவ்வண்டியின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது. வண்டி அச்சு பெரும்பாலும் சுழலாது, சக்கரமே சுழலும். காரின் தண்டோ சுழல்வது. ‘அச்சு’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும்போது பாடநூல் குழம்புகிறது; பட்டறையில் ‘ஆக்சில்’ வேறு, ‘ஷாஃப்ட்’ வேறு. கடன்சொல் தேவையற்றது என்று முடிவு கட்டுமுன் கலைச்சொல் குழுக்கள் பட்டறைக்குப் போய்க் கேட்டிருக்கலாம்.

கெசல் உற்பத்தி 1977இல் நின்றது. வண்டலூர் ஆலையும் 1980களின் இறுதியில் மூடப்பட்டது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை வந்தது. அதன் ரசிகர்களை நம்பி இங்கிலாந்தில் இன்றும் உதிரி வணிகம் நடக்கிறது. எஞ்சியுள்ள வண்டலூர் ஹெரால்டு ஒன்றை மீட்க விரும்புபவர் தேட வேண்டியது அந்த ஸ்போர்ட்ஸ் காரின் தண்டைத்தான், அதுவும் 1973க்கு முந்தைய குட்டைத் தண்டை. அதற்குப் பிந்தையது நீளம் கூடியது.