தர்மராஜ் ராவணன்

தர்மராஜ் ராவணன் (பிறப்பு: 1987, திருச்சிராப்பள்ளி), இந்தியக் கால்பந்தாட்டத் தற்காப்பு வீரர். நடுத் தற்காப்பு இவரது இடம். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியில் ஆடிய ஆண்டுகளே இவரை உருவாக்கின எனலாம். அந்த அணி 2012–13 பருவத்தில் இந்தியக் கால்பந்துக் கழகங்களுக்கான ஐ-லீக் பட்டத்தை இரண்டாம் முறையாக வென்றபோது, லெபனான் நாட்டுத் தற்காப்பாளர் பிலால் எல் நஜ்ஜாரினும் இவரும் அதன் தற்காப்பு வரிசையில் இருந்தனர். அனுபவம் மிக்க ஒரு வெளிநாட்டு வீரருடன் ஆடக் கிடைத்த அந்த வாய்ப்பு, இளம் தற்காப்பாளருக்கு எந்தப் பயிற்சி முகாமையும்விடப் பெரியது. சர்ச்சில் 2014-இல் பெடரேஷன் கோப்பையையும் வென்றது.

அதே ஆண்டு தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் ராவணன் புனே சிட்டி அணிக்காக ஆடினார். பிரான்ஸ் நாட்டு வீரர் டேவிட் திரெசெகேயும் அந்த அணியில் இருந்தார். பின்னர் ராவணன், 2017-இல் ஐ-லீக்கில் நுழைந்த சென்னை சிட்டி அணிக்கு வந்தார். கோல் அடிப்பவர்களையே கொண்டாடும் நம் மைதானங்களில் இவரைப் போன்றவர்களின் உழைப்பு இன்னும் விரிவாகப் பதிவாக வேண்டும்.