நாங்களும் வரலாறு படைத்தோம்: ஊர்மிளா பவார் தேடிய பெண்கள்



பழைய கூலிப் போராட்டம் ஒன்றைப் பதிவு செய்வதற்காகச் சென்ற ஆண்டு ஒரு சேரிக்குப் போயிருந்தோம். பெரியவர் ஒருவர் மூன்று மணி நேரம் பேசினார். கேமராவை மூட்டை கட்டிய பிறகுதான் அடுப்படியில் இருந்த அவர் மனைவியிடம், "நீங்களும் போனீங்களா ஆயா?" என்று கேட்டோம். "நான் என்னத்தப் பண்ணேன், சோறாக்கிப் போட்டேன். அப்புறம் பதினெட்டு நாளு செயில்ல இருந்தேன்" என்றார். பெரியவர் அதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மராட்டியத்தில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு புறப்பட்டது 1980களில். அம்பேத்கர் இயக்கத்தில் நின்ற பெண்களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் போனார்கள். இறந்துபோனவர்களைப் பழைய இதழ்களில் தேடினார்கள். 1989இல் அது புத்தகமானது. மராட்டித் தலைப்பின் பொருள், 'நாங்களும் வரலாறு படைத்தோம்'. அந்த 'உம்' யாரைப் பார்த்துச் சொன்னது என்பதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சாதி இந்துக்களைப் பார்த்து மட்டுமல்ல. மகாடு என்றும் நாசிக் என்றும் மேடைதோறும் பேசிவிட்டு, அங்கே நடந்துவந்த பெண்களின் பெயரைச் சொல்லாமல் விட்ட நம் தோழர்களைப் பார்த்தும்தான்.

அவர்கள் மீட்டெடுத்தவர்களில் ஜாயிபாய் சௌத்ரியை மட்டும் இங்கே சொல்கிறோம். நாக்பூர் பக்கம் ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தவர். ஒரு கிறித்தவ மிஷனரிப் பெண்மணியின் உதவியால் ஆசிரியை வேலை கிடைத்தது. தீண்டத்தகாதவர் பாடம் நடத்துவதா என்று பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, வேலை போயிற்று. அவர் மறுபடி மூட்டை தூக்கப் போகவில்லை. 1920களில் சோகாமேளா பெயரில் பெண்பிள்ளைகளுக்கென்று தாமே ஒரு பள்ளி தொடங்கினார்.

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டுக்குச் சுலோசனாபாய் டோங்ரே தலைமை வகித்தார். மணவிலக்கு உரிமை கேட்டார்கள், பலதார மணத்தைத் தடைசெய்யச் சொன்னார்கள். ஆலையிலும் பீடிக் கம்பெனியிலும் ரயில்வேயிலும் உழைக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் விடுப்பு வேண்டும் என்றார்கள். பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் இந்த 21 நாளின் கனம் தெரியும்.

ஊர்மிளா கதை எழுத்தாளர். கொங்கணத்துக்காரர். பள்ளி ஆசிரியரான தகப்பனார் அவர் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே இறந்துவிட, தாய் மூங்கில் கூடை முடைந்து பிள்ளைகளை வளர்த்தார். 2003இல் வந்த தன்வரலாற்றுக்கு 'ஆய்தான்' என்று அந்த மூங்கில் சாமான்களின் பெயரையே வைத்தார். பிறர் வாழ்க்கையை முதலில் எழுதிவிட்டு, தன் வாழ்க்கையைப் பிறகு எழுதிய இந்த வரிசை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பெண்களின் கதையைப் பதிந்த அந்தப் புத்தகமோ வந்தனா சோனால்கர் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வரவே 2008 ஆயிற்று.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1904இல் ரங்கூனில் பிறந்து, சென்னை மாநகராட்சி உறுப்பினராகி, செட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷன் மேடைகளில் முழங்கிய அன்னை மீனாம்பாளை, மதுரைப்பிள்ளையின் பேத்தி, சிவராஜின் மனைவி என்றுதான் இன்றும் அறிமுகப்படுத்துகிறோம். பெயர் பெற்றவருக்கே இந்த நிலை.

மாசி மாதம் மறுபடி அந்தச் சேரிக்குப் போனோம். இந்தத் தடவை பெரியவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, ஆயாவிடம் மட்டும் பேசினோம். செயிலுக்கு அவரோடு போன ஏழு பெண்களின் பெயரைச் சொன்னார். அதில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்களாம். எந்தெந்தத் தெரு என்றும் சொல்லியிருக்கிறார்.