சித்தூர்ச் சீமையில் சிறுவர் கண்ட கூத்து

குழந்தைகளை நாடகத்திற்கும் நாட்டிய நாடகத்திற்கும் அழைத்துச் செல்லுதல் மேனாட்டாரிடம் கற்ற வழக்கமென்று நம்மிற் சிலர் எண்ணுவர். நாம் வந்து குடியேறிய இச்சித்தூர் மாவட்டத்தின் வரலாறு அவ்வாறு கூறவில்லை.

தமிழகத்துப் பாலர் சபைகளில் சிறுவர் மேடைமேல் நின்றனர். சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில் 1918-இல் தி. க. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. ஆயினும் அந்நாடகங்கள் பெரியோர்க்கென அமைந்தவை; கட்டணமும் உண்டு. இங்கோ, திரௌபதி அம்மன் கோயிற் பாரத விழாவில் கட்டணமும் இல்லை, நாற்காலியும் இல்லை. பகலில் கதை, இரவில் கூத்து. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிள்ளையைத் தோள்மேல் ஏற்றிப் பெற்றோர் செல்வர். பிள்ளை நடுவில் உறங்கிவிடும். வீமன் வருகையில் மத்தளமே அதனை எழுப்பிவிடும். அருச்சுனன் தவமரம் ஏறி எலுமிச்சம்பழம் வீசும் நாளில் உறங்கும் பிள்ளை எது? சிறுவர்க்கு உற்ற தோழன் கட்டியங்காரனே என்பது நம் கருத்து.

திருப்பதியில் கங்கையம்மன் சாத்திரை வேறுவகை. கொடிய பாளையக்காரனைத் தேடி அம்மன் பல உருவில் திரிந்த கதையை ஊரே நடிக்கிறது. பைராகி, தோட்டி, துரை என நாளுக்கொரு வேடம். சிறுவரும் வேடமிட்டுத் தெருவில் இறங்குவர். பார்ப்பவர் யார், நடிப்பவர் யார் என்று பிரித்தறிதல் அரிது.

1911-இல் உருவான இம்மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது; 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. எல்லைப் பூசலில் இருபாலாரும் பேசிய கடுஞ்சொற்களை இங்குக் கிளற வேண்டுவதில்லை. பாரதக் கூத்து அதன் பின்னரும் இருபுறத்தும் நின்றதில்லை. சில ஊர்களில் தெலுங்கிலும் சில ஊர்களில் தமிழிலும் நடைபெறுகிறது. ஊர்ப்பெயரையே தம் பெயரோடு தாங்கிய சித்தூர் நாகையாவும் 'அசோக் குமார்' (1941), 'மீரா' (1945) முதலிய தமிழ்ப் படங்களில் நடித்தவரே.

நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழோ வீட்டுப் பேச்சோடு நின்றுவிடுகிறது. கூத்திலே அரசன் உரைக்கும் தமிழ் வேறு, கட்டியங்காரன் உரைக்கும் தமிழ் வேறு. இரண்டையும் ஓரிரவில் கேட்கலாம். கோடையில் நிகழும் இவ்விழாக்களுட் சில பள்ளி விடுமுறையிலேயே வருகின்றன. இரவெல்லாம் விழித்திருக்க இயலாதோர் இறுதிநாட் காலைக்கேனும் செல்க. மண்ணால் சமைத்த துரியோதனன் திடலில் நீண்டு படுத்திருப்பான். அவன் மார்பின்மேல் ஏறி இறங்கி வீமன் துரத்துவான். தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி.