புனல் குழாயிலிருந்து கணினி வரை: பெங்களூர் கண்ட ஒலிப்பதிவு

இன்று பெங்களூரில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. நம் பெற்றோர் காலத்திலோ, கன்னடப் படத்திற்குப் பாட்டு வேண்டுமென்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். இந்த மாற்றத்தில் நாம் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு.

நம் நாட்டில் இசைத்தட்டு யுகம் 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் அங்கே கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. பெரிய புனல் போன்ற ஒரு குழாயின் வாயருகே முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். மறுமுனையிலுள்ள மெல்லிய தகடு அதிர, அதோடு இணைந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மேல் ஸ்தாயியில் பாடும்போது சற்றுப் பின்வாங்க வேண்டும். தம்புராவின் நாதம் சரியாக விழாது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம்தான்! விஸ்தாரமான ஆலாபனை சில சங்கதிகளாகச் சுருங்கியது. தட்டுகள் அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில். அங்குள்ளவர்களுக்குப் பாடியவர் யாரென்று தெரிவதற்காகக் கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்லிவிடுவார்.

நம் ஊரின் பெயரையே தம் பெயரோடு தாங்கிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் (1878-1952) இசைத்தட்டுகள் கொடுத்தவர். திருவையாற்றில் ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதியில் ஆலயம் எழுப்பிய புண்ணியவதி அவர்.

1925 வாக்கில் மேல்நாட்டில் மின்சார முறைப் பதிவு வந்தது. மைக் வந்ததும் உரக்கப் பாட வேண்டிய கட்டாயம் நீங்கியது; மெல்லிய கமகமும் தட்டில் பதிந்தது.

மைசூரில் 1935-ல் பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி தொடங்கிய வானொலி நிலையம் 1955-ல் பெங்களூருக்கு இடம் மாறியது. வைணிக வித்வான் வி. தொரைசாமி ஐயங்கார் அங்கே பணியாற்றியதை மூத்த அங்கத்தினர்கள் அறிவார்கள்.

சினிமாப் பாட்டின் கதை வேறு. முதல் கன்னடப் பேசும்படமான 'சதி சுலோசனா' (1934) கோலாப்பூரில் தயாரானது. பின்னர் பல்லாண்டுகள் சென்னையே கன்னடத் திரையிசையின் ஒலிப்பதிவுக்கூடம். அங்கே ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பயின்றவர்தான் இளையராஜா. அந்நாளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே சமயத்தில் வாசிக்க வேண்டும். யார் மைக்குக்கு அருகில், யார் தள்ளி என்று உட்கார வைப்பதிலேயே ஒலியின் அளவு தீர்மானமாகும். ஒருவர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. அதனால் ஒத்திகை பலமாக நடந்தது.

1980களில் நடிகர் சங்கர் நாகும் அண்ணன் அனந்த் நாகும் பெங்களூரிலேயே 'சங்கேத்' என்ற நவீன ஒலிப்பதிவுக்கூடத்தை நிறுவினார்கள். 'மால்குடி டேஸ்' தொடரை இயக்கிய அதே சங்கர் நாக்தான். 1990-ல் விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 35.

அதன்பின் பல தடங்களில் தனித்தனியே பதியும் முறை பரவியது. பிறகு கணினியும் வந்தது. இன்று வயலின் ஒரு நாள், மிருதங்கம் மறுநாள், பாட்டு வேறொரு ஊரில். பிசகிய ஸ்வரத்தை மட்டும் திருத்தலாம். சௌகரியம்தான். ஆனால் பாடகர் ஒரு சங்கதியைப் போட்டதும் மிருதங்கக்காரர் தலையசைத்துக் கொடுக்கும் பதில் தனி அறையில் பிறப்பதில்லை. கச்சேரியை நேரடியாகப் பதிந்த கேசட்டுகளை ரசிகர்கள் இன்றும் தேடுவதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

பாட்டுக்காகச் சென்னைக்குப் போன இதே ஊரில் வசிக்கும் ரிக்கி கேஜ் 2015, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் கிராமி விருது பெற்றார். மூன்றாவது விருது, கேட்பவரைச் சுற்றிலும் ஒலி சூழுமாறு அமைக்கும் பதிவுமுறைக்கானது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் இல்லங்களில் பாட்டியோ அத்தையோ பாடிய கேசட்டுகள் பரணில் கிடக்கும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நாடாவின் காந்தப் பூச்சு உதிரும். உடனே கணினியில் ஏற்றி, இரண்டு பிரதிகளாவது வைத்துக்கொள்ளுங்கள். பாடியவர் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் மறவாமல் குறியுங்கள். பேரக் குழந்தைகள் கேட்கும்போது, பாடுவது யாரென்று சொல்ல நாம் அருகில் இல்லாமல் போகலாம்.