இடாப்பில் ஏறாத பெயர்கள்

ஏழைப் பெற்றோர் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாவிட்டால், "இவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது" என்று சொல்லிவிடுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். இலங்கையின் கல்வி வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்தப் பேச்சு நிலைக்காது. பாடசாலைக்கு வராத பிள்ளைகளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தடை இருந்திருக்கிறது. அதை யாராவது இனங்கண்டு அகற்றியபோது அவர்கள் வந்திருக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இதே குற்றச்சாட்டு முஸ்லிம்கள் அனைவர் மீதும் சுமத்தப்பட்டது. அன்று அரசாங்க உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளையின் ஈமானுக்குக் கேடு வந்துவிடும் என்று அஞ்சிய பெற்றோர், லெப்பையிடம் குர்ஆன் ஓதக் கொடுப்பதோடு நின்றுகொண்டனர். அறிஞர் சித்திலெப்பை (1838-1898) அவர்களைக் கடிந்துகொள்வதோடு நிற்கவில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிச் சமூகத்தைத் தட்டியெழுப்பியவர், மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒருங்கே கிடைக்கும் பாடசாலைகளை அமைக்க முனைந்தார். 1883இல் இங்கு நாடுகடத்தப்பட்டு வந்த எகிப்தின் அறபி பாஷா ஊக்கமளித்தார். வாப்பிச்சி மரிக்காரின் உழைப்பும் சேர, 1892இல் மருதானையில் எழுந்த பாடசாலையே பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. பெற்றோரின் அச்சத்துக்குக் கிடைத்த சரியான பதில் அது.

அச்சம் விலகிய பின்னும் வறுமை குறுக்கே நின்றது. சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. ஆனால் கட்டணம் போனதோடு செலவு போய்விடவில்லை. புத்தகம், கொப்பி, சட்டை, சப்பாத்து எல்லாமே பெற்றோரின் தலையில்தான் இருந்தன. பாடநூல்கள் 1980இலும் சீருடைத் துணி 1993இலும்தான் இலவசமாயின. கட்டணம் நீங்கிய பின் ஒரு புத்தகத்தின் விலை நீங்க 35 ஆண்டுகளும், ஒரு சட்டையின் விலை நீங்க 48 ஆண்டுகளும் சென்றுள்ளன. இடைப்பட்ட காலத்தில் உடுக்கச் சட்டையின்றி வீட்டிலே இருந்துவிட்ட பிள்ளைகளின் பெயர் எந்த இடாப்பிலும் இல்லை.

சட்டத்தின் கதையும் இதுதான். கல்விக் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. அதன் கீழ் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் வரவைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் 1997இல் ஆக்கப்பட்டு, 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. 2016இல் மேல்வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. வராத பிள்ளைகளைத் தேடிப்பிடிக்க கிராம மட்டத்தில் வரவுக் குழுக்கள் அமைக்கவும் அந்த விதிகள் இடமளித்தன. கடதாசியில் உள்ள குழுவுக்குக் கால் முளைத்து வீடு வீடாக நடந்தால்தான் பயன்.

ஏனெனில் எஞ்சியிருக்கும் தடைகள் வீட்டு வாசலில்தான் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த நம் மக்களில் பலருக்கு உடுத்த உடையே மிச்சம். அவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவார்கள்? பருவத்துக்குப் பருவம் வாடி மாறும் மீனவக் குடும்பத்துப் பிள்ளை எந்தப் பாடசாலையில் சேரும்? 2022இன் பொருளாதார நெருக்கடி காலை உணவையே பறித்த வீடுகளில் சப்பாத்து யார் வாங்குவது?

இவற்றுக்கு அறிவுரை மருந்தாகாது. முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் கோரும் காலத்தில் ஆசிரியர் ஒருவரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் ஒருவரும் சேர்ந்து ஊரின் கடைசித் தெரு வரை போகலாம். பதிவு இல்லாத பிள்ளைக்காகத் தாயுடன் கிராம உத்தியோகத்தரிடம் செல்லலாம். கூட்டு ஸகாத்தில் சப்பாத்துக்கும் கொப்பிக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். சித்திலெப்பையின் பெயரால் விழா எடுக்கிறோம், மலர் வெளியிடுகிறோம். அவர் தேடிய பிள்ளைகளில் சிலர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.