மிளகாய்க் காசில் எழுந்த வீடு

கிளிநொச்சியை அடுத்த உருத்திரபுரத்தில் எங்கள் குடும்பத்தின் முதலாவது கல்வீடு எழுந்தது 1975 ஆம் ஆண்டில். அப்போது எனக்கு வயது ஏழு. அதுவரை நாங்கள் வாழ்ந்தது மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட குடிசையில். அம்மா வெள்ளிதோறும் சாணத்தால் மெழுகிய அந்தத் தரையின் குளிர்ச்சியைப் பின்னர் எந்தச் சீமெந்துத் தரையிலும் நான் உணர்ந்ததில்லை.

இந்த வீட்டின் கதையை இரணைமடுவிலிருந்தே தொடங்க வேண்டும். 1902 இல் ஆரம்பமான அக்குளத்தின் வேலை முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அதன் நீரை நம்பி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்க் குடியேற்றத் திட்டங்கள் உருவாகின. குடாநாட்டிலும் தீவகத்திலும் நிலமற்றிருந்த குடும்பங்கள் காடு வெட்டிக் கழனியாக்க வந்தன. 1950 களில் தீவகத்திலிருந்து வந்த அப்பாவும் அவர்களில் ஒருவர்.

நெல் எங்களுக்குச் சோறு போட்டது. வீடு தந்தது மிளகாய். 1970 இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நாட்டு மக்கள் பாணுக்காக வரிசையில் நின்ற அதே காலத்தில் வடபகுதி விவசாயி தலைநிமிர்ந்தான் என்பது வரலாற்றின் முரண். எங்கள் முற்றம் முழுவதும் சிவப்பாகக் காய்ந்து கிடந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் தும்மிக்கொண்டே கதைத்தார்கள்.

நல்ல நாள் பார்த்து நிலையம் எடுத்தார்கள். காங்கேசன்துறைச் சீமெந்தும் ஆற்றுமணலும் குழைத்து வளவிலேயே கல் அரிந்தார்கள். அக்காவும் நானும் அக்கற்களுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். கதவுநிலைக்கு முதிரை, வளைக்குப் பாலை. நிலை வைத்த அன்று அம்மா அக்காவின் தலையைத் தடவி, "இது மூத்தவளின்ரை வீடு" என்றார். யாழ்ப்பாணத்து வழக்கில் வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்கே சீதனமாகச் செல்லும். ஆகவே அவ்வார்த்தை எவருக்கும் புதுமையாகத் தோன்றவில்லை.

1977 இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. மிளகாய் விலை வீழ்ந்தது. பின்புறச் சுவர் கடைசிவரை பூசப்படாமலே நின்றது.

அப்பா 1994 இல் காலமானார். 1996 இல் இடம்பெயர்ந்தோம். 2002 இல் திரும்பிய அம்மாவும் அக்காவும் 2008 இல் மீண்டும் வெளியேறினர். 2010 இல் வந்து பார்த்தபோது ஓடுகளும் கைமரங்களும் கதவுநிலைகளும் இல்லை. நாங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த கற்கள் மட்டும் நின்றன. அக்கா தகரம் போட்டு அம்மாவை அங்கேயே பராமரித்தார்.

அம்மா மறைந்த பின்னரே பத்திரங்களைப் புரட்டினோம். அப்பா பின்னுரித்தாளரை நியமிக்கவில்லை. 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய காணி துணைவருக்குப் பின்னர் ஒருவருக்கு மட்டுமே செல்லும். அட்டவணையில் புதல்வர் முதலில், புதல்வியர் அதற்கடுத்தே. ஒரே மகனான எனக்கே வீடு என்றது சட்டம். கொழும்பில் வாழ்ந்த நான் அவ்வீட்டுக்கு ஓர் ஓடுகூட வாங்கிக் கொடுத்தவனல்லன்.

"தம்பி, அப்ப நான் உன்ரை வீட்டிலையோ இருக்கிறன்?" என்று அக்கா கேட்டார். அதில் கோபம் இருக்கவில்லை. அதுவே என்னை அதிகம் சுட்டது. உரிமையை எழுதிக்கொடுத்து விலகினேன். காரியம் முடியச் சில ஆண்டுகள் சென்றன.

2022 ஆம் ஆண்டின் திருத்தம் ஆண், பெண் என்ற அந்த வேறுபாட்டை நீக்கியது. எனினும் காணி ஒருவருக்கே என்ற விதி எத்தனையோ குடும்பங்களில் சகோதரங்களைப் பிரித்துள்ளது. புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களே, உங்கள் பெற்றோரின் குடியேற்றக் காணிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றியவரின் பெயர் அதில் இருக்கிறதா?