பிரிக்பீல்ட்ஸ்: நாற்காலியில் யார் உட்கார்ந்தார்?



தீபாவளிக்குத் துணி எடுக்க, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட என்று பிரிக்பீல்ட்சுக்குப் போகாதவர் நம்மில் குறைவு. அங்கே சாலையைக் கடக்க நாம் தயங்கி நிற்கும்போதே, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஒருவர் நமக்கு முன்னால் கடந்து போயிருப்பார். "இங்க மட்டும் ஏன் சார் இவ்வளவு பேரு?" என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் ஜாலான் ராஜா சூலானில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பிரஸ்பிட்டேரியன் தேவாலயம் இருக்கிறது. 1918இல் கட்டியது. அப்போது அந்தச் சாலையின் பெயர் வெல்ட் ரோடு. ரப்பர்த் தோட்டங்களை நடத்த வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் கும்பிட்ட இடம் அது. பிரஸ்பிட்டேரியன் என்ற சொல்லுக்கு வேர், மூப்பர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பேராயர் ஒருவர் மேலிருந்து ஆளாமல், சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் கூடிப் பேசி நிர்வகிக்கும் முறை அது. யாருக்காக ஒரு அமைப்பு இருக்கிறதோ, அவர்களே அதன் மேசையைச் சுற்றி உட்காரலாமா என்பதுதான் இதில் கேள்வி. இதே கேள்வி உடற்குறை உள்ளோரின் வரலாற்றிலும் திரும்ப வருகிறது.

தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1890களிலேயே அங்கே ஆஸ்க்வித் அம்மையாரின் முயற்சியில் பார்வையற்றோருக்கும், புளோரன்ஸ் சுவேன்சன் அம்மையாரின் முயற்சியில் காது கேளாதோருக்கும் பள்ளிகள் உருவாகின. நம் நாட்டில் 1926இல் ஆங்கிலிக்கன் திருச்சபை மலாக்காவில் செயின்ட் நிக்கோலஸ் இல்லத்தைத் தொடங்கியது. அது பிறகு பினாங்குக்கு மாறி, பார்வையற்ற பிள்ளைகளின் இல்லமாகவும் பள்ளியாகவும் வளர்ந்தது. அரசாங்கம் திரும்பியும் பார்க்காத காலத்தில் செய்த வேலை இது. குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் யாருக்குச் சோறு, யாருக்குப் படிப்பு, எந்த வயதில் வெளியே அனுப்புவது என்று முடிவு செய்தவர்கள் பார்வை உள்ளவர்கள். பிள்ளைகள் நன்றி சொல்ல வேண்டியவர்கள், அவ்வளவுதான்.

போருக்குப் பிறகு காலம் மாறியது. 1946இல் சமூகநலத் துறை வந்தது. 1951இல் மலாயாப் பார்வையற்றோர் சங்கம் அமைந்தது. அதுதான் இன்றைய மலேசியப் பார்வையற்றோர் சங்கம், எம்ஏபி. அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் இதை அவசரகாலப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் பெயரில்தான் பிரிக்பீல்ட்சில் கர்னி பயிற்சி நிலையம் உருவானது. இந்தத் தொடர்பைப் பலரும் கவனிப்பதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1880களில் மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று உத்தரவு வந்தபோது இங்கே சூளைகள் எரிந்தன. அப்புறம் ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த ரயில்வேக்காரர்களின் குவார்ட்டர்சுகள் வரிசையாக எழும்பின. சமதரை, பக்கத்திலேயே ரயில், பஸ். கண் தெரியாதவர் தனியாக நடமாட இதைவிட வேறென்ன வேண்டும்?

பயிற்சி நிலையத்தில் பிரம்புப் பின்னல், கூடை முடைதல், தொலைபேசி இணைப்பகப் பணி போன்றவை கற்றுத்தந்தார்கள். பயிற்சி முடித்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பவில்லை. பக்கத்திலேயே அறை எடுத்தார்கள், கல்யாணம் கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். இணைப்பகங்கள் தானியங்கி ஆனபோது அந்த வேலை கரைந்தது. மசாஜ் நிலையங்கள் பெருகின. கடைக்காரருக்கு அவர்கள் வாடிக்கையாளர்கள், பக்கத்து வீட்டாருக்கு அண்டை வீட்டார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 1964இல் பார்வையற்றவர்களே சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். எஸ்பிஎம் என்று அழைக்கப்படும் மலேசியாவில் பார்வையற்றோர் சங்கம் அது. 1951இல் அமைந்தது பார்வையற்றோருக்கான சங்கம். 1964இல் அமைந்தது பார்வையற்றோருடைய சங்கம். ‘கான’, ‘உடைய’ என்ற இந்த இரண்டு உருபுகளுக்கு நடுவே பதின்மூன்று வருடம் இருக்கிறது. இலக்கணம் நடத்துகிற ஆசிரியர்கள் நான்காம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமைக்கு இதையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1986இல் தேசியப் பார்வையற்றோர் மன்றம் இந்த அமைப்புகளை ஒருங்கிணைக்க வந்தது.

பிறகு பிரிக்பீல்ட்சே மாறிப்போனது. 2001இல் கேஎல் சென்ட்ரல், 2003இல் மோனோரயில், 2010இல் லிட்டில் இந்தியா. நமக்கு வண்ண வளைவுகள் தெரிந்தன. வழியைக் காலாலும் காதாலும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்களுக்கோ, ஒருவழிச் சாலையாக மாறியதும் வண்டிச் சத்தம் வரும் திசையே மாறிவிட்டது. நேற்று இல்லாத தூண் இன்று நெற்றியில் இடிக்கும்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது, சட்டம் 685. போக்குவரத்து, வேலை ஆகியவை அதில் உரிமை என்ற சொல்லோடு வருகின்றன. ஆனால் அவற்றை மறுப்பவருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு அதில் வைக்கப்படவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 8(2)ஆம் விதி பாகுபாடு கூடாதென்று சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பால் ஆகியவற்றைச் சொல்கிறது. உடற்குறை அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. தேர்வில் "சட்டம் வந்ததால் சமத்துவம் கிடைத்தது" என்று எழுதும் மாணவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வகுப்பில் செய்ய ஒரு வேலை. அடுத்த முறை பிள்ளைகளை பிரிக்பீல்ட்சுக்கு அழைத்துப் போனால், மோனோரயில் நிலையத்திலிருந்து எம்ஏபி இருக்கும் ஜாலான் தெபிங் வரை நடக்க விடுங்கள். வழியில் மஞ்சள் தடக்கற்கள் எங்கே தொடங்குகின்றன, எங்கே அறுந்துபோகின்றன, எந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்து வரட்டும். போகிற வழியில் வெள்ளைக் கோலோடு யாராவது வந்தால், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உதவி வேண்டுமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.